எப்பொழுதும் என்ற ஒரு சொல்

என் பாட்டியை நாங்கள் நன்னி என்போம். நன்னியின் புத்தகத்துக்கு அட்டை கிடையாது. முதல் பக்கங்களும் கிடையாது. கொங் குவான் பிஸ்கட் டின்னுக்குள், மல்துணியில் சுற்றி வைத்திருந்தார். மொத்தம் 31 தாள், 62 பக்கம். குர்ஆனுக்கு விளக்கம் சொல்லும் புத்தகம், தஃப்ஸீர் என்பார்கள். புரூஜ் சூராவின், அதாவது புரூஜ் அத்தியாயத்தின், நடுவில் தொடங்கி கடைசி சூராவான நாஸோடு முடிகிறது. பழைய கல்லச்சு. மேல் ஓரத்தைச் செல் அரித்ததில் பக்க எண்கள் போய்விட்டன. எழுத்து அரபு எழுத்து, வாய்விட்டுப் படித்தால் காதில் விழுவது தமிழ். அரபுத்தமிழ் என்போம், அர்வி என்றும் சொல்வார்கள்.

நன்னிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நாகூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து, பினாங்கில் ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்தார். சூலியா தெருக் கடைப்பலகையில் இருக்கும் தமிழை எங்களைத்தான் படித்துச் சொல்லச் சொல்வார். ஆனால் சாயங்காலம் மஃரிபு தொழுகைக்கும் இஷா தொழுகைக்கும் நடுவில் இந்தப் புத்தகத்தைப் பிரித்தால் தடங்கல் இல்லாமல் ஓடும். ஃபஜ்ர் சூராவுக்கு வந்தால் நாங்கள் நெருங்கி உட்கார்ந்துகொள்வோம். ஷத்தாது ராஜா பொன்னாலும் வெள்ளியாலும் இரம் நகரத்தைக் கட்டி, அதற்குள் கால் வைக்கும் முன்பே அழிந்த கதை அங்கேதான் வரும்.

நன்னி 2016இல் மௌத்தானார். டின் பெரிமாவிடம் போனது. 2021இல் நான் பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது அதைக் கேட்டு வாங்கினேன். அந்த 31 தாளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, அது ஓர் ஆய்விதழில் அச்சேற இரண்டு வருஷம் நான்கு மாதம் ஆனது. இப்போது இரண்டொருவர் என்னிடம், "குர்ஆனைப் பற்றி ஒரு கட்டுரை வச்சிருக்கேன், எங்கே அனுப்பலாம்?" என்று கேட்கிறார்கள். எங்கே என்பதைவிட, அனுப்புவதற்கு முன்னும் பின்னும் நடந்தவைதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

முதல் வரைவு பதினாலாயிரம் சொல் வந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமில் தொடங்கி, 1880களில் பினாங்கில் இருந்து 'வித்தியா விசாரிணி' இதழை நடத்திய குலாம் காதிறு நாவலரைத் தொட்டு, அரபு எழுத்தில் தமிழ் எழுதிய ஊர்களை எல்லாம் சுற்றி, கடைசி மூன்று பக்கத்தில் நன்னியின் புத்தகத்துக்கு வந்திருந்தேன். தலைப்பில் 'தென்கிழக்காசியாவின் அரபுத்தமிழ் தஃப்ஸீர் மரபு' என்று இருந்தது. கையில் இருந்ததோ 31 தாள்.

எனக்கு அரபு சொல்லித்தந்த ஹஜ்ரத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன். உட்கார்ந்து முழுவதும் படித்தார். "மாஷா அல்லாஹ், நல்ல பயானா இருக்கும்மா" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அனுப்பினேன். ஒன்பதாவது நாள் திரும்பி வந்தது. வெளி மதிப்பீட்டாளர் யாருக்கும் போகவே இல்லை, ஆசிரியர் மேசையிலேயே முடிந்துவிட்டது. இரண்டே வரி. அதில் ஒன்று: 'இக்கட்டுரை எதை நிறுவுகிறது என்று தெரியவில்லை.'

ஹஜ்ரத்தும் ஆசிரியரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று புரிய எனக்கு ஒரு மாதம் பிடித்தது. பயான் என்றால் மார்க்கச் சொற்பொழிவு. அதில் நமக்குக் கிடைத்ததை எல்லாம் கொண்டுவந்து கொட்டலாம். கேட்க உட்கார்ந்திருப்பவர்கள் நம் ஆட்கள், நம்பிக்கையோடு வந்தவர்கள். தெரிந்ததையே திரும்பக் கேட்பதிலும் அவர்களுக்கு ஒரு நிறைவு இருக்கிறது. ஆய்விதழை வாசிப்பவர் அப்படி வருவதில்லை. புதிதாக ஒன்று சொல்கிறாயா, சொன்னால் அதை நான் எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்டபடிதான் முதல் பக்கத்தைத் திருப்புகிறார். இதில் நம்மவர்களுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. குர்ஆனைப் பற்றி எழுதியதைத் திருப்பி அனுப்பினால் குர்ஆனையே மறுத்ததுபோல முகம் வாடிவிடும். எனக்கும் வாடியது.

சரி, என்ன நிறுவுவது? மறுபடி டின்னைத் திறந்தேன்.

இக்லாஸ் சூராவின் இரண்டாவது ஆயத்து, அதாவது வசனம்: அல்லாஹுஸ் ஸமது. 'ஸமது' என்பதற்கு முஃபஸ்ஸிர்கள், அதாவது குர்ஆன் விளக்கவுரையாளர்கள், சொன்ன பொருள் ஒன்றல்ல. தபரி, பைளாவி, ஜலாலைன் என்பவை பழைய அரபு தஃப்ஸீர்கள். தபரியைத் திறந்தால் உள்ளே குழிவு இல்லாதவன், உண்ணாதவன் பருகாதவன், தலைமை முழுமை பெற்ற தலைவன், அழியாமல் நிலைத்திருப்பவன் என்று வரிசையாக வரும். நன்னியின் புத்தகம் இவற்றில் எதையும் சொல்லவில்லை. 'எப்பொழுதும் ஹாஜத்துகளுக்கு நாடப்பட்டவன்' என்கிறது. இதே பொருள் பைளாவியில் இருக்கிறது: தேவைகளுக்காக நாடப்படும் தலைவன். ஜலாலைனிலும் இருக்கிறது, ஆனால் அங்கே வாக்கியத்தின் கடைசியில் 'அலத் தவாம்' என்று இரண்டு சொல் கூடுதல். தொடர்ச்சியாக, எந்நேரமும் என்று பொருள். பைளாவியின் அந்த வரியில் அது கிடையாது.

அதாவது அந்தப் பெயர் தெரியாத ஆலிம், மேசையில் ஜலாலைனைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தமிழாக்கியிருக்கிறார். 'எப்பொழுதும்' என்ற ஒரு சொல் அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. இரவு பதினொன்றரை மணி. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து திரும்பவும் பார்த்தேன். இருந்தது.

பிறகு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. 'வல்அஸ்ர்' என்பதற்கு ஜலாலைன் மூன்று பொருளைத் தரும்: காலம், அல்லது உச்சி சாய்ந்த பின்னான பொழுது, அல்லது அஸர் தொழுகை. நன்னியின் புத்தகத்திலும் அதே மூன்று, அதே வரிசையில். மக்காவைத் தாக்க வந்த யானைப்படை அழிந்ததைச் சொல்லும் ஃபீல் சூராவின் கடைசியில், அந்தப் படைக்கு உவமையாக ஜலாலைன் சொல்வது, கால்நடைகள் தின்று மிதித்து அழித்த பயிரின் இலை. நம் ஆலிம் அதை 'மாடு தின்று மிதித்த வைக்கோல்' ஆக்கிவிட்டார். மக்காவில் வந்து இறங்கிய யானைப்படை தஞ்சாவூர்க் களத்துமேட்டில் போய் விழுகிறது! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இரண்டு பக்கம் எழுதினேன், பின்னால் அதில் முக்கால்வாசியை வெட்ட வேண்டியிருந்தது.

கட்டுரை ஆறாயிரம் சொல்லாகச் சுருங்கியது. தலைப்பும் சுருங்கியது: பினாங்கில் கிடைத்த ஒரு அரபுத்தமிழ் தஃப்ஸீர்த் துண்டும் ஜலாலைனும்.

எங்கே அனுப்புவது என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்கிவிடுகிறேன். எடின்பரோவிலிருந்து 1999 முதல் ஒரு குர்ஆனிய ஆய்விதழ் வருகிறது, ஆங்கிலத்திலும் அரபியிலும் எழுதலாம். பன்னாட்டுக் குர்ஆனிய ஆய்வுச் சங்கம் 2012இல் தொடங்கி, பின்னர் தன் இதழையும் கொண்டுவந்தது. நம் பக்கத்தில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் 'குரானிகா' இருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு உரையாடல். கடைசி மூன்று வருஷ இதழ்களைப் பிரித்து, அடிக்குறிப்பில் யார் யாரைச் சுட்டுகிறார்கள் என்று பார்த்தால் நம் கட்டுரைக்கு அங்கே ஆள் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நான் எதற்கு அனுப்பினேன் என்று சொல்லப் போவதில்லை. முதலில் திருப்பியது ஒன்று, பிறகு ஏற்றது இன்னொன்று.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு, காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ். அதுவே தேடிவந்து கதவைத் தட்டும். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. என் ஆய்வின் சிறப்பு கண்டு வியந்தார்களாம். 72 மணி நேரத்தில் முடிவு, கட்டணம் மட்டும் டாலரில். ஜெஃப்ரி பீல் என்ற அமெரிக்க நூலகர் இப்படிப்பட்டவற்றை வருஷக்கணக்காகப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார், 2017 ஜனவரியில் அந்தப் பட்டியலை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார். ஸ்கோப்பஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழில் எழுதியிருந்தால்தான் பதவி உயர்வு என்று இருக்கும் இடங்களில் நல்ல படிப்பாளிகளே அவசரத்தில் இதில் போய் மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். நான் தப்பியதற்குக் காரணம் அறிவு கிடையாது, அந்த 'ஐயா'தான்.

அப்புறம் கட்டுரையைத் தயார் செய்வது. கருத்து முடிந்துவிட்டது, மீதி வெறும் எழுத்துவேலை என்று நினைத்திருந்தேன்.

முதலில் ஆயத்துகள். இணையத்தில் இரண்டு தளங்களிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தேன். ஒன்று குர்ஆன் பிரதிகளுக்கே உரிய பழைய உஸ்மானிய எழுத்துமுறை, இன்னொன்று இக்கால எழுத்துமுறை. ஒரே கட்டுரையில் 'ஸலாத்' ஒரு பக்கத்தில் வாவ் என்ற எழுத்தோடும் மறுபக்கத்தில் அலிஃப் என்ற எழுத்தோடும் நின்றது. ஓதும்போது ஒரே ஓசைதான், ஆனால் குர்ஆனின் எழுத்தைப் பற்றியே எழுதும் இடத்தில் அது மன்னிக்கிற தப்பு இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மதீனா முஸ்ஹஃப் என்ற குர்ஆன் பதிப்பிலிருந்து மறுபடி ஒட்டினேன். ஹஜ்ரத்திடம் சொன்னபோது, "இந்த நாட்டுல குர்ஆன் அச்சடிக்கத் தனிச் சட்டமே இருக்கு, தெரியும்ல?" என்றார். 1986ஆம் ஆண்டின் சட்டம் 326. உள்துறை அமைச்சின் உரிமம் இல்லாமல் குர்ஆன் மூலத்தை அச்சிட முடியாது. என் கட்டுரையின் ஏழு ஆயத்துகளைத் தேடி யாரும் வரமாட்டார்கள், இருந்தாலும் அவர் சொன்ன பிறகு ஹரக்கத் என்ற உயிர்க்குறி ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் பார்த்தேன்.

ஆயத்து எண்ணிலும் கவனம் வேண்டும். நாம் எண்ணும் 6236 என்பது கூஃபா நகரத்து ஆலிம்களின் கணக்கு, 1924 கெய்ரோப் பதிப்பு அதைத்தான் பரப்பியது. பழைய ஐரோப்பிய ஆய்வுகள் பலவும் ஃப்ளூகல் என்ற ஜெர்மானிய அறிஞர் 1834இல் போட்ட பதிப்பின் எண்களைத் தருகின்றன, சில சூராக்களில் அது நம் கணக்கிலிருந்து தள்ளிப்போகும். நூறு வருஷத்துக்கு முந்திய நூலிலிருந்து எண்ணை அப்படியே எடுத்தால் வேறு ஆயத்தில் போய் நிற்போம்.

என்னை உண்மையில் படுத்தியது ஒலிபெயர்ப்பு. அரபிச் சொற்களுக்கு ஆங்கில ஆய்வுலகம் வழக்கமாகக் கொள்ளும் ரோமன் முறையை இதழ் கேட்டது. தமிழ்ச் சொற்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியின் ரோமன் முறை. தனித்தனியாக இரண்டும் ஒழுங்கானவை, ஒரே பக்கத்தில் வந்தால் சண்டை. 'டேபிள்' என்று எழுத வரும் ரோமன் எழுத்தின் கீழ் ஒரு புள்ளி வைத்தால் அரபி முறையில் அது மக்தபில் நாம் ஓதும் 'தோ', தமிழ் முறையில் அது 'ட'. 'சிங்கப்பூர்' எழுத வரும் ரோமன் எழுத்தின் கீழ் புள்ளி வைத்தால் அங்கே ஸாத், இங்கே 'ஷ'. என் புத்தகத்திலோ 'ஹாஜத்துகளுக்கு' என்ற ஒரே சொல்லில் பாதி அரபி, பாதி தமிழ். எந்தச் சட்டத்தில் எழுதுவது? மேற்பார்வையாளரைக் கேட்டேன். "முடிவெடுத்து முதல் அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள். பிறகு மாறாமல் இருங்கள்" என்றார். அரபி வேரை அரபி முறையிலும், சிறு கோடு போட்டுத் தமிழ் ஈற்றைத் தமிழ் முறையிலும் எழுதினேன். 'ஹாஜத்'துக்கும் 'துகளுக்கு'க்கும் நடுவில் நின்ற அந்தக் கோட்டைப் பார்க்க எங்கள் வீடு மாதிரியே இருந்தது.

இதை அடிக்கும்போதுதான் இன்னொரு காரியமும் செய்தேன். அந்தக் காலத்துக் கல்லச்சில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அடுத்த பக்கத்தின் முதல் சொல்லை ஓரமாக எழுதி வைப்பார்கள். வேர்டில் அடிக்கும்போது ஒரே சொல் இரண்டு தடவை வருகிறதே என்று அவற்றை எல்லாம் எடுத்துவிட்டேன். சுத்தமாக இருந்தது.

அனுப்புவதற்கு முன் பெயரை மறைக்க வேண்டும். எழுதியவர் யாரென்று மதிப்பீட்டாளருக்குத் தெரியக் கூடாது, மதிப்பீட்டாளர் யாரென்று நமக்கும் தெரியாது. முகப்பில் பெயரை எடுத்தால் போதாது, கோப்பின் பண்புகளுக்குள் கணினி நம் பெயரைப் பதிந்து வைத்திருக்கும், அதையும் துடைக்க வேண்டும். நான் துடைத்தேன். ஆனால் மூன்றாம் பக்கத்தில் 'கட்டுரையாளரின் பாட்டி நாகூரிலிருந்து கொண்டுவந்த பிரதி' என்று இருந்தது. பினாங்கில் அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த, பாட்டி நாகூர்க்காரியான ஆய்வு மாணவிகள் எத்தனை பேர் இருக்க முடியும்! நன்னியை எடுத்துவிட்டு 'தனியார் சேகரிப்பு, ஜார்ஜ் டவுன்' என்று போட்டேன். அன்றைக்கு அந்த வரியை மாற்றிவிட்டு வேறு எதுவும் செய்யவில்லை.

பிறர் எழுத்தோடு ஒத்துப்பார்க்கும் ஒற்றுமைச் சோதனையில் டர்னிட்டின் மென்பொருள் 38 சதவீதம் என்று சிவப்பாகக் காட்டியது. உள்ளே போய்ப் பார்த்தால் பெரும்பகுதி ஆயத்துகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு. அல்லாஹ்வின் கலாமை எங்கிருந்து திருடினாய் என்று கேட்கிறது இயந்திரம். மேற்கோள்களை விலக்கிப் பார்த்தால் 9 ஆக இறங்கியது.

ஐந்து மாதம் ஒன்றும் இல்லை. ஆறாவது மாதம் இரண்டு அறிக்கைகள் வந்தன. பெரிய திருத்தம்.

முதல் மதிப்பீட்டாளரின் நான்காவது குறிப்பை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். இக்லாஸ் சூராவின் விளக்கத்தை நான் 'சுயூத்தி கூறுகிறார்' என்று எழுதியிருந்தேன். ஜலாலைன் என்றால் இரண்டு ஜலால்கள், இருவரும் கெய்ரோக்காரர்கள். ஜலாலுத்தீன் அல்மஹல்லி கஹ்ஃப் சூராவிலிருந்து நாஸ் வரை எழுதி, ஃபாத்திஹாவையும் எழுதிவிட்டு, 1459இல் காலமானார். விட்ட இடத்தை, பகராவிலிருந்து இஸ்ரா வரை, மாணவர் ஜலாலுத்தீன் அஸ்ஸுயூத்தி நாற்பது நாளில் எழுதி முடித்தார். அப்போது அவருக்கு இருபதை ஒட்டிய வயது. ஆக, அம்ம ஜுஸ்உ என்னும் குர்ஆனின் கடைசிப் பகுதி முழுக்க மஹல்லியின் எழுத்து. 'கட்டுரையாளர் தாம் ஒப்பிடும் நூலை எழுதியவர் யாரென்று உறுதி செய்துகொள்வது நல்லது' என்று மரியாதையாக எழுதியிருந்தார். காது மடல் சூடாகிவிட்டது. சின்ன வயதிலிருந்து 'சுயூத்தியோட ஜலாலைன்' என்று கேட்டே வளர்ந்ததில், ஓதி முடித்த கிதாபின் முன்னுரையைப் படிக்காமல் விட்டிருக்கிறேன். ஹஜ்ரத்திடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "ரெண்டு ஜலால்னு பேரிலேயே இருக்கேம்மா. எந்த ஜலால்னு பாக்க வேணாமா?" கொஞ்ச நேரம் கழித்து, "நானும் படிச்சேனே அந்தக் கட்டுரைய, என் கண்ணுலயும் படலயே" என்றார்.

இரண்டாம் மதிப்பீட்டாளர் ஆய்வு மாணவர்களின் கெட்ட கனவில் வருபவர் என்று சொல்வார்கள். எனக்கு வந்தவர் கண்டிப்பானவர், ஆனால் கட்டுரையை என்னைவிடக் கவனமாகப் படித்திருந்தார். இரண்டு கேள்வி கேட்டார். ஒன்று: பினாங்கில் இருந்துகொண்டு கெய்ரோவோடு மட்டும் ஒப்பிடுகிறீர்களே, பக்கத்தில் இருக்கும் மலாய் தஃப்ஸீர்களைப் பார்த்தீர்களா?

பார்க்கவில்லை. அதுதான் உண்மை. அச்சே தெருப் பள்ளிவாசலைத் தாண்டி நூறு தடவை நடந்திருக்கிறேன். ஹஜ்ஜுக் கப்பல் ஏறப் போகிறவர்கள் வந்து தங்கிய, கிதாபு விற்ற தெரு. பதினேழாம் நூற்றாண்டில் அச்சேயில் அப்துர் ரவூஃப் சிங்கிலி எழுதிய 'தர்ஜுமான் அல்முஸ்தஃபீத்' மலாயில் வந்த முதல் முழு தஃப்ஸீர், பினாங்கிலும் அச்சாகியிருக்கிறது. அதை நெடுங்காலம் பைளாவியின் மொழிபெயர்ப்பு என்றே சொல்லிவந்தார்கள். பீட்டர் ரிடல் என்ற ஆய்வாளர் வரிக்கு வரி ஒப்பிட்டு, அது பெரும்பாலும் ஜலாலைனைத்தான் பின்பற்றுகிறது என்று காட்டினார். பைளாவியா ஜலாலைனா என்று நான் நடுராத்திரியில் கண்டுபிடித்துத் துள்ளிய அதே கேள்வியை, மலாய்க்கு ஒருவர் எப்போதோ கேட்டு முடித்திருக்கிறார். ஜெலுத்தோங்கில் 1927இல் அச்சகம் தொடங்கிய சையது ஷேக் அல்ஹாதி, எகிப்தியச் சீர்திருத்த அறிஞர் முஹம்மது அப்துஹுவின் விளக்கங்களை மலாயில் கொண்டுவந்தார், அது வேறு வழி, வேறு பள்ளிக்கூடம். ஒரே தீவில், நடந்து போகிற தூரத்தில், இரண்டு மொழியில் ஜலாலைன் படித்திருக்கிறார்கள். நான் என் மொழியை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பகுதியை எழுத மூன்று மாதம் ஆனது. இப்போது யாராவது கட்டுரையைப் பற்றிப் பேசினால் அந்தப் பகுதியைத்தான் சொல்கிறார்கள். அதைக் கேட்டு வாங்கியவர் பெயர் எனக்குத் தெரியாது.

இரண்டாவது கேள்வி: இந்தப் பிரதியைப் பிற ஆய்வாளர்கள் எங்கே பார்க்கலாம்?

பெரிமாவிடம் போனேன். நூலகத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்ட மாத்திரத்தில் டின்னின் மேல் கை வைத்துக்கொண்டார். "குர்ஆன் எழுத்து இருக்குற தாளு. ஒளு இல்லாம யார் யார் கையெல்லாம் படுமோ." ஒளு என்பது தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவிக்கொள்ளும் சுத்தம். ஹஜ்ரத்தைத் தூது விட்டேன். விளக்கம் மூலத்தைவிட அதிகமாக இருக்கும் தஃப்ஸீரை ஒளு இல்லாமலும் தொடலாம் என்று ஷாஃபி மத்ஹபின் சட்டத்தை எடுத்துச் சொன்னார். பெரிமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சட்டம் சரிதான் ஹஜ்ரத். டின்னு என்னோடது" என்றார்.

கடைசியில் படம் எடுக்க மட்டும் ஒத்துக்கொண்டார், அதுவும் அவர் வீட்டில், அவர் கண்முன்னால். ஜன்னலோரம் வெள்ளைத் துணி விரித்து, ஒரு சனிக்கிழமை முழுக்க 62 பக்கமும் எடுத்தேன். பக்கம் திருப்பியது பெரிமா, ஒளுவோடு. படங்களை ஜெனோடோவில் ஏற்றினேன். ஐரோப்பாவில் அணுத்துகளை மோதவிட்டு ஆராயும் செர்ன் நிலையம் நடத்தும் பொதுச் சேமிப்பகம் அது. யாரும் காசில்லாமல் ஏற்றலாம், பார்க்கலாம், மாறாத எண் ஒன்றும் தருவார்கள். நன்னியின் பிஸ்கட் டின் அங்கே போய்ச் சேர்ந்தது.

திருத்தத்தோடு ஒரு பதில் கடிதமும் போக வேண்டும். இடப்பக்கம் அவர்கள் சொன்னது, வலப்பக்கம் நான் செய்தது, எந்தப் பக்கத்தில் எந்த வரியில் என்று. என் அட்டவணை பதினொரு பக்கம் வந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. வைக்கோல் பற்றிய பத்தி தேவையில்லை என்றார் முதலாமவர். மொழிபெயர்ப்பாளர் எந்த ஊர் வாசகரை நினைத்து எழுதினார் என்பதற்கு அதுதான் சான்று என்று காரணம் எழுதி நான்கு வரியைக் காப்பாற்றினேன்.

ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்த பிறகும் வேலை ஓயவில்லை. அச்சுக்கு முந்திய பிடிஎஃபைத் திறந்தால் ஆயத்துகள் சரியாக இருந்தன. அரபுத்தமிழ் வரிகளில் புள்ளிகளைக் காணோம். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு அந்த எழுத்தில் கூடுதல் புள்ளி போடுவார்கள். 'ண'வுக்கு நூன் எழுத்தின் கீழே ஒரு புள்ளி. பக்கம் கோத்தவரின் எழுத்துருவில் அது இல்லாததால் சாதாரண நூனை வைத்துவிட்டார்கள். தகாசுர் சூராவில் 'ஐனல் யகீன்' வரும் இடத்தில் என் ஆலிம் 'கண்ணாலே கண்ட உறுதி' என்று எழுதியிருந்தது 'கன்னாலே கன்ட உறுதி' ஆகிவிட்டது. கண்ணையே காணோம். பதினேழு இடம். எழுத்துருக் கோப்பையும் சேர்த்து அனுப்பி, ஒவ்வொரு இடத்துக்கும் வட்டம் போட்ட படமும் வைத்தேன். பெயரை மறைக்கும் கட்டம் முடிந்துவிட்டதால் நன்றியுரையில் நன்னியின் பெயரைச் சேர்த்தேன்.

2024இல் வெளியானது. அச்சுப்படி எடுத்துப் பெரிமாவிடம் கொடுத்தேன். ஆங்கிலம் படிக்க வராது, நன்னியின் பெயர் இருக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு டின்னுக்குள் வைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மின்னஞ்சல். காயல்பட்டினத்துக்காரர், பழைய அச்சு நூல்களில் ஈடுபாடு உள்ளவர். என் பதினாலாவது அடிக்குறிப்பு தப்பு என்று எழுதியிருந்தார். இரம் நகரக் கதையில் ஓட்டம் அறுந்து போவதால், அச்சகத்தில் சில வரிகள் விடுபட்டிருக்கலாம் என்று அந்தக் குறிப்பில் சொல்லியிருந்தேன். அவர் ஜெனோடோவில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். 21ஆம் படத்தின் அடியில் இருக்கும் ஓரச்சொல், 22இன் முதல் சொல்லோடு பொருந்தவில்லை, 23இன் முதல் சொல்லோடு பொருந்துகிறது. அந்த ஒரு தாள் முன்பின்னாகத் திரும்பியிருக்கிறது. வரி எதுவும் விடுபடவில்லை. நான் சுத்தம் செய்கிறேன் என்று வேர்டில் எடுத்துப்போட்ட அதே ஓரச்சொற்கள்.

அன்று சாயங்காலமே பெரிமா வீட்டுக்குப் போனேன். டின்னைத் திறந்து தாளை எண்ணினோம். அவர் சொன்னது சரி. அந்தத் தாளின் மடிப்பில் மட்டும் வேறு நூல், கறுப்பு நூல், தையல் ஊசியால் போட்டது. "கழண்டு வந்துச்சுன்னு உங்க நன்னிதான் தச்சாங்க. நீ பொறக்குறதுக்கு முன்னாடி" என்றார் பெரிமா.

அப்படியானால் நான் கேட்டு வளர்ந்த காலம் முழுக்க அந்தத் தாள் திரும்பித்தான் இருந்திருக்கிறது. பக்கத்தில் உள்ளபடி வாசித்தால் ஷத்தாது அழிந்த பிறகுதான் கோட்டைக்குக் கல் சுமக்கத் தொடங்குவான். நன்னி வாசித்து ஒரு நாளும் நான் அப்படிக் கேட்டதில்லை. அதைச் சொன்னேன்.

பெரிமா துணியைச் சுற்றிக்கொண்டே, "அந்த எடத்துல அவங்க எங்கே பார்த்து ஓதினாங்க. மூக்குக்கண்ணாடியக் கழட்டி மடியில வச்சிருவாங்களே" என்றார்.